எங்க வீட்டு ஹெரால்டும் என் மகளின் பிரசவமும்

உப்புக் காற்றுக்கு இரும்பு என்றால் அத்தனை ஆசை! பழவேற்காடு ஏரிக்கரையில் குடித்தனம் நடத்துகிற எந்தப் பெண்ணைக் கேட்டாலும் சொல்வாள். வாங்கி இரண்டு வருஷம்கூட ஆகாத பீரோவின் கால் பொரிந்து போகும். காஸ் அடுப்பின் அடித்தகடு உதிரும். ஜன்னல் கம்பியைத் துணியால் துடைத்தால் துணி செங்காவி ஆகிவிடும். ஒரு பக்கம் வங்கக் கடல், இன்னொரு பக்கம் ஒடிசாவின் சில்காவுக்கு அடுத்தபடியாக நாட்டிலேயே பெரிய உப்பங்கழி. நடுவில் எங்கள் கோட்டைக்குப்பம். டச்சுக்காரர்கள் 1613-ல் இங்கே கோட்டை கட்டினார்கள். அவர்களுடைய கல்லறைக் கற்களில் செதுக்கிய பூவும் எழுத்தும் இன்னும் தெரிகின்றன. கல் தாங்கும், இரும்பு தாங்காது.

அப்படிப்பட்ட ஊரில், ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு காரின் பாடியை வீட்டிலேயே புதுப்பிக்கிறேன் என்று ஒரு மனுஷர் கிளம்பினால் வீட்டுக்காரி என்ன செய்வாள்? என் அனுபவத்தைச் சொல்கிறேன், கேளுங்கள். இதில் கார் வைத்திருக்கிறவர்களுக்கு மட்டும் இல்லாமல், கைக்குழந்தை வைத்திருக்கிற தாய்மார்களுக்கும் சங்கதி இருக்கிறது.

கார் என் மாமனாருடையது. ஸ்டாண்டர்டு ஹெரால்டு. இறால் வியாபாரி ஒருவர் தர வேண்டிய பாக்கிக்குப் பதிலாக 1983-ல் விட்டுப் போனது. இன்றைய பிள்ளைகளுக்கு அந்தப் பெயரே தெரியாது. இங்கிலாந்தில் 1959-ல் வந்த டிரயம்ப் ஹெரால்டு காரை, நம் சென்னையில் இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் கம்பெனி 1961-லிருந்து இங்கேயே செய்து விற்றது. வண்டலூர்ப் பக்கம் தொழிற்சாலை. உருவம் வரைந்தவர் இத்தாலிக்காரர் ஜியோவன்னி மிக்கெலோட்டி. எஞ்சின் 948 சி.சி.தான். ஆனால் அழகு இருக்கிறதே! முன்பக்கம் பானெட்டும் மட்கார்டும் ஒன்றாகச் சேர்ந்து, முதலை வாய் திறக்கிற மாதிரி அப்படியே முன்னால் கவிழும். 25 அடி அகலம் இருந்தால் போதும், முழு வட்டம் அடித்துத் திரும்பிவிடும். எங்கள் குப்பத்துச் சந்துகளுக்கென்றே செய்த மாதிரி!

இன்னொரு விசேஷம், இந்தக் காரின் பாடி ஒரே துண்டு அல்ல. கீழே தனியாகச் சேஸிஸ். அதன்மேல் துண்டு துண்டாக போல்ட் போட்டு முடுக்கிய பாடி. மேல்கூரையும் போல்ட்டுதான். யாரோ ஒரு புண்ணியவான் எப்போதோ கூரையைக் கழற்றி எடுத்துவிட்டு, கித்தான் துணியில் மடக்குக் கூடாரம் வைத்து, திறந்த காராக்கிவிட்டான். கழற்றின இரும்புக் கூரையை என் மாமனார் தூக்கி எறியவில்லை. எங்கள் கோழிக்கூண்டுக்கு அதுதான் கூரை! நான் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அதன் அடியில்தான் முட்டை பொறுக்கிக்கொண்டிருந்தேன்.

2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் காரின்மேல் இருந்த ஓலைக் கொட்டகை சரிந்தது. தார்ப்பாய் கிழிந்து, மழைத் தண்ணீர் உள்ளே தொட்டி மாதிரி நின்றது. தண்ணீரை மொண்டு ஊற்றிவிட்டுப் பார்த்தால், கால் வைக்கிற தகடு பல இடத்தில் சல்லடை. பிள்ளை சொன்னான், "நைனா, காயலாங்கடையில போட்டுடலாம். எடைக்கு எடை காசாவது வரும்." அவர் ஒன்றும் பேசவில்லை. அன்று சாயந்திரம் கோழிக்கூண்டின் கூரையை இறக்கி, சாணி எச்சமெல்லாம் கழுவி, சுவரோரம் சாய்த்து வைத்தார். எனக்குப் புரிந்துவிட்டது.

என் வீட்டுக்காரர் பைபர் படகு பழுது பார்க்கிறவர். 2004 சுனாமிக்குப் பிறகு இந்தப் பக்கம் பைபர் படகுகள் பெருகிவிட்டன. ரெசின் கலப்பது, பாய் வைத்து ஒட்டுவது, தேய்த்து வழவழப்பாக்குவது எல்லாம் அவருக்குக் கைவந்த கலை. "படகு ஓட்டை அடைக்கிறவனுக்கு கார் ஓட்டை ஒரு பொருட்டா?" என்றார். ஆனால் பொன்னேரியிலிருந்து வந்த ஒரு வயசான டிங்கர், தகடைச் சுண்டிப் பார்த்துவிட்டுச் சொன்னதைக் கேளுங்கள்: "தம்பி, பைபர் துருப் பிடிக்காது. இரும்பு பிடிக்கும். துருவுக்கு மேல ரெசின் பூசினா, உள்ள ஈரம் மாட்டிக்கும். வெளியில சிரிச்சிக்கிட்டே உள்ள அழுகும். வெட்டி எடுத்துட்டு நல்ல தகடு வைக்கிறதுதான் வைத்தியம்."

துரு என்பது மேலே படிகிற அழுக்கு அல்ல. இரும்பும் ஈரமும் காற்றிலிருக்கிற பிராணவாயுவும் சேர்ந்து, இரும்பே வேறொன்றாக மாறிப்போவது. உப்பு கலந்த ஈரத்தில் மின்சாரம் சுலபமாக ஓடுவதால் இந்த வேலை பல மடங்கு வேகமாக நடக்கிறது. உப்பு காற்றிலிருந்து ஈரத்தையும் இழுத்து வைத்துக்கொள்ளும். துரு, தான் தின்ற இரும்பைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்ளும். அதனால்தான் பெயிண்ட் அப்பளம் மாதிரி உப்பி எழும்புகிறது. மேலே ஒரு ரூபாய் அகலம் உப்பியிருந்தால் அடியில் ஒரு தோசை அகலத்துக்குப் போயிருக்கும்.

2024 தை மாதம் வேலை ஆரம்பமாயிற்று. முதலில் பாட்டரியையும் பெட்ரோல் டாங்கியையும் எடுத்து வீட்டைவிட்டுத் தள்ளி வைத்தார்கள். வெல்டிங் செய்கிற இடத்தில் அவை இருக்கவே கூடாது. பிறகு ஒவ்வொன்றாகக் கழற்றினார்கள். கழற்றுவதற்கு முன்னால் போனில் படம் பிடிப்பது பிள்ளை வேலை. போல்ட்டுகளை எந்த இடத்தினுடையது என்று சீட்டு எழுதி ஹார்லிக்ஸ் பாட்டிலில் போடுவது என் வேலை. மளிகை டப்பாவுக்குப் பெயர் எழுதி ஒட்டுகிறவளுக்கு இது ஒரு கஷ்டமா?

துருப் பிடித்த சின்ன போல்ட்டுகளைப் புளிக்கரைசலில் இரண்டு நாள் ஊறப்போட்டேன். பித்தளைக் குத்துவிளக்கு விளக்குகிற அதே புளிதான். புளிப்பு துருவைக் கரைக்கும். எடுத்ததும் ஆப்பசோடா கலந்த தண்ணீரில் அலசி, வெயிலில் காய வைத்து, எண்ணெய் தடவிவிட வேண்டும். இல்லாவிட்டால் மறுநாளே மறுபடி சிவக்கும். பம்பரில் க்ரோமியம் முலாம் மேல் படிந்த புள்ளித் துருவுக்கு, சமையலறை அலுமினியத் தாளைக் கசக்கி, தண்ணீரில் நனைத்துத் தேய்த்தால் போதும்.

பாடியில் எங்கே இரும்பு, எங்கே வெறும் பட்டி என்று கண்டுபிடிக்கவும் ஒரு வழி உண்டு. பிரிட்ஜில் ஒட்டி வைக்கிற காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி, பாடிமேல் மெதுவாக நகர்த்தினோம். நல்ல தகடு இருக்கிற இடத்தில் 'கப்'பென்று பிடிக்கும். பட்டி கனமாக அப்பிய இடத்தில் வழுக்கி விழும். இடதுபக்கக் கதவின் கீழே காந்தம் நிற்கவே இல்லை. அவ்வளவும் பட்டி!

இதுவரை எல்லாம் வேடிக்கையாகத்தான் போனது. அந்த மாசியில்தான் விஷயம் வேறு மாதிரி ஆனது.

மீஞ்சூரில் கட்டிக்கொடுத்திருக்கிற என் மகள் அப்போது தலைப்பிரசவத்துக்கு ஆறாம் மாதம். மாசிக் கடைசியில் வளைகாப்பு நடத்தி, கையோடு வீட்டுக்கு அழைத்து வருவதாகப் பேச்சு. அதே மாசியில்தான் இவர் பழைய பெயிண்டைச் சுரண்ட ஆள் சொல்லியிருந்தார். மேலே நீலம், அதன் கீழே சிவப்பு, அதற்கும் கீழே மஞ்சள், அடியில் கம்பெனிக்காரன் அடித்த இளம்பச்சை. வெங்காயத் தோல் மாதிரி நாலு அடுக்கு. முற்றத்திலேயே மிஷின் வைத்து உலர்வாகத் தேய்ப்பதாகத் திட்டம்.

அந்த வாரம் எங்கள் தெருவுக்கு வந்த சுகாதார நர்ஸம்மா முற்றத்தைப் பார்த்துவிட்டு நின்றார். "பிரசவத்துக்குப் பொண்ணு வருதுன்னீங்களே, இந்த வீட்டுக்கா?" என்று கேட்டார். பிறகு உட்கார்ந்து பொறுமையாகச் சொன்னார்.

அந்தக் காலத்துக் கார் பெயிண்டுகளில், முக்கியமாக மஞ்சளிலும் சிவப்பிலும், நிறத்துக்காகக் காரீயம் கலந்திருப்பார்கள். நாம் ரசம் வைக்கிற ஈயச் சொம்பு வெள்ளீயம். அது வேறு, இது வேறு. காரீயம் விஷம். உலர்வாகத் தேய்த்தால் கண்ணுக்குத் தெரியாத தூளாகப் பறந்து, தரையிலும் துணியிலும் தண்ணீர்க் குடத்திலும் படியும். மூச்சோடும் சாப்பாட்டோடும் உள்ளே போகும். கர்ப்பிணியின் ரத்தத்தில் கலந்தால் நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்கும் போகும். பிறந்து தவழுகிற குழந்தையோ தரையைத் தொட்ட கையை வாயில் வைக்கும். பெரியவர்களைவிட அதிகமாகக் காரீயத்தை அதன் உடம்பு உறிஞ்சிக்கொள்ளும். மூளை வளர்ச்சியும் படிப்பும் கெடும். இவ்வளவுக்குக் கீழே இருந்தால் பயமில்லை என்று சொல்லத்தக்க அளவே கிடையாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். வீட்டுச் சுவருக்கு அடிக்கும் பெயிண்டில் காரீயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்று நம் நாட்டில் 2016-ல் விதி வந்து, 2017 நவம்பரிலிருந்து அமலில் இருக்கிறது. அதற்கு முன்னால் அடித்த பழைய கதவு, ஜன்னல், கட்டில், தொட்டில் எதுவானாலும் சந்தேகப்படத்தான் வேண்டும்.

எனக்கு வயிற்றைப் பிசைந்தது. ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு அவரிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்ப வளைகாப்பு முடிஞ்சி அது மாமியார் வீட்டிலேயே ஒரு மாசம் இருக்கட்டுமே. அதுக்குள்ள நான் சுரண்டி முடிச்சிடறேன்" என்றார்.

"என்னங்க பேசறீங்க? சம்மந்தியம்மாகிட்ட என்னன்னு சொல்லுவேன்? கார் வேலை நடக்குது, உங்க மருமகளை இப்ப கூட்டிட்டுப் போக முடியலன்னா? தாய் வீட்டுக்கு வர்ற பொண்ணு நாள் தள்ளக்கூடாது. இடம் மாறணும்னா கார்தான் மாறணும்."

"கொட்டாயில வச்சி செய்யறதுக்குக் கரண்டு இல்ல, வெளிச்சம் இல்ல..."

"உங்க நைனா விட்டுப் போன கார், எனக்கும் தெரியும். வேணாம்னு சொல்லல. ஆனா அவர் இருந்திருந்தா, காரை முற்றத்துல வச்சிருப்பாரா, பேத்தியை வச்சிருப்பாரா? நீங்களே சொல்லுங்க."

அதற்கு மேல் அவர் பேசவில்லை. மறுநாள் காலையில் நாலு ஆட்களைக் கூட்டி வந்தார். பாடித் துண்டுகள் ஏற்கெனவே கழற்றி இருந்ததால், டிராக்டரில் ஏற்றுவது கஷ்டமாக இல்லை. ஏரிக்கரையில் வீடுகள் இல்லாத பக்கம் அவர் படகு பழுது பார்க்கிற கொட்டாய்க்குப் போய்ச் சேர்ந்தது ஹெரால்டு.

அங்கேயும் நான் சில சட்டங்கள் போட்டேன். உலர்வாகத் தேய்க்கக் கூடாது. வாட்டர் பேப்பரைத் தண்ணீரில் நனைத்துத்தான் தேய்க்க வேண்டும். நெருப்பு காட்டிப் பெயிண்டை எரித்து எடுக்கவே கூடாது. அந்தப் புகையில் காரீயமும் வரும். தேய்த்த சேற்றைத் தார்ப்பாயில் பிடித்து, மூட்டை கட்டித் தனியாக வைக்க வேண்டும். ஏரியில் அலசிவிடக் கூடாது. பாடு முறை வைத்து ஆளுக்கொரு நாள் என்று மீன் பிடித்துப் பிழைக்கிற ஊர். அந்தத் தண்ணீரில் விஷம் கலக்கலாமா? முகத்தில் கைக்குட்டை கட்டுவது வெறும் மன சமாதானம், தூளுக்கு என்-95 முகமூடியாவது வேண்டும். கடைசியாக, அங்கேயே குளித்துத் துணி மாற்றிக்கொண்டுதான் வீட்டுப் படி ஏற வேண்டும். வேலைத் துணியை நான் தனி வாளியில் தனியாகத் துவைத்தேன்.

முற்றத்தில் ஏற்கெனவே உதிர்ந்து கிடந்த பெயிண்ட் செதில்களைத் தண்ணீர் தெளித்து, பொறுக்கி எடுத்து, மேல்மண்ணையும் ஒரு விரற்கடை வாரினோம். வீட்டுக்குள் துடைப்பம் போடாமல் ஈரத்துணியால் துடைத்தேன். பெருக்கினால் தூள் எழும்பி மறுபடி படியும். மகள் வந்த பிறகு கேழ்வரகுக் கூழும் முருங்கைக் கீரையும் பாலும் முறை வைத்துக் கொடுத்தேன். உடம்பில் இரும்புச் சத்தும் சுண்ணாம்புச் சத்தும் குறைந்திருந்தால், காரீயம் அதிகமாக ஒட்டிக்கொள்ளுமாம்.

கொட்டாயில் வேலை நடந்தது. அழுகிய தகடை வெட்டி எடுத்து, 20 கேஜ் புதுத் தகடு வைத்து டிங்கர் பெரியவர் பற்ற வைத்தார். ஹெரால்டில் கதவுக்குக் கீழே ஓடும் நீளத் தகடு பாரம் தாங்குவது இல்லை, பாரமெல்லாம் சேஸிஸ்மேல். அதனால் அதை மாற்றுவது சுலபமாக இருந்தது. ஆனால் சேஸிஸிலிருந்து பக்கவாட்டில் நீளும் கைகளில் இரண்டு பொரிந்திருந்தன. "இதை விட்டுட்டு மேல அழகு பண்ணா, பொடவை புதுசு, ஒடம்புல நோவுன்னு ஆயிடும்" என்று அவற்றைத்தான் முதலில் சரி செய்தார்.

சுரண்டி வெளுத்த தகடு எங்கள் காற்றில் ஒரு ராத்திரி தாங்காது. எவ்வளவு சுரண்டுகிறோமோ அவ்வளவுக்கும் சூரியன் இறங்குவதற்குள் பிரைமர் அடித்துவிட வேண்டும். சாதாரண பிரைமரோ பஞ்சு மாதிரி, ஈரத்தை உறிஞ்சும். அதனால் ஐப்பசி, கார்த்திகை மழையைத் தாங்க, இரண்டு பொருள் கலந்து அடிக்கும் எபாக்சி பிரைமர் போட்டார்கள். அதன் மேல்தான் மெல்லிசாகப் பட்டி, பிறகு 180, 320, 400 என்று வாட்டர் பேப்பர்.

வைகாசியில் பேத்தி பிறந்தாள். சுகப்பிரசவம். மூன்று மாதம் காரைப் பற்றி யாரும் பேசவில்லை. தாத்தா மட்டும் ராத்திரி தொட்டிலை ஆட்டிக்கொண்டே அவள் காதில் ஏதோ ஹெரால்டு கதை சொல்லிக்கொண்டிருந்தார்!

பெயிண்ட் 2025 தையில் அடித்தோம். ஹார்டனர் கலக்கிற புது மாதிரிப் பெயிண்ட் பளபளப்பாக இருக்கும். ஆனால் அதிலிருக்கும் ஐசோசயனேட் என்ற சரக்கு, தெளிக்கும்போது மூச்சில் போனால் ஆஸ்துமாவைக் கொண்டுவரும். வெளிக்காற்றைக் குழாயில் கொடுக்கிற முகமூடி வேண்டும். ரெசின் தூளில் ஏற்கெனவே இருமுகிற மனுஷருக்கு அது வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பழைய என்.சி. பெயிண்டே போதும் என்று முடிவாயிற்று. அதற்கும் தின்னர் வாடையைத் தடுக்கும் கரித்தூள் முகமூடி உண்டு. ஈரக் காற்றில் என்.சி. பெயிண்ட் அடித்தால், தின்னர் சட்டென்று ஆவியாகித் தகடு குளிர்ந்து, மேலே பனி படிந்து, பால் ஊற்றினது மாதிரி வெளுத்துவிடும். பனி விலகிய பிறகு பத்து மணியிலிருந்து மூன்று மணிக்குள் மட்டும் அடித்தார்கள். அடியில் கண்டெடுத்த அதே இளம்பச்சை நிறம்.

கித்தான் கூடாரம் என் கைவேலை. தையல் மிஷின் அந்தக் கனத்தைத் தாங்கவில்லை. கோணி ஊசியும் மெழுகு தடவிய நூலுமாக உட்கார்ந்து, ஓரத்தை இரட்டையாக மடித்துத் தைத்தேன். ஈரமாக மடித்து வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும். காய்ந்த பிறகுதான் மடிக்க வேண்டும்.

இரும்புக் கூரையையும் சுத்தம் பண்ணிப் பிரைமர் அடித்து, எடுத்து வைத்திருக்கிறோம். 50 வயது தாண்டிய வண்டிகளைப் பழம்பெரும் வாகனமாகப் பதிவு செய்ய 2021-ல் தனி விதி வந்தது. நம்பரில் 'விஏ' என்ற எழுத்து வரும். புதிதாகப் பதிய 20,000 ரூபாய். தினசரி ஓட்டத்துக்கு அனுமதி இல்லை. கண்காட்சி, பேரணி மாதிரியான காரியங்களுக்குத்தான். ஆனால் வண்டி அசல் உருவத்தில் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. ஆகவே கோழிக்கூண்டுக் கூரைக்கு இனிமேல்தான் மரியாதை வரப்போகிறது! கோயமுத்தூரில் 2015-ல் திறந்த ஜி.டி. கார் அருங்காட்சியகத்துக்குப் போய்ப் பழைய கார்களைப் பார்த்துவிட்டு வர வேண்டும் என்று அவருக்கு ஆசை.

கடலோரத்தில் இருக்கிற சகோதரிகளுக்கு இந்தக் கார் கற்றுக்கொடுத்த இரண்டொரு விஷயம். கார்க் கதவின் அடியில் தண்ணீர் வடிய சின்னத் துவாரங்கள் இருக்கும். மண் அடைத்துக்கொண்டால் உள்ளே தண்ணீர் நின்று அழுகும். ஓர் ஈர்க்குச்சி போதும், குத்திவிட. இரும்புக் கதவு, வாஷிங் மிஷின் ஸ்டாண்டு, கூலர் எதிலும் இப்படித் துவாரம் இருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். வாரம் ஒரு முறை நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் உப்பைத் துடைத்து, உடனே உலர்ந்த துணியால் துடையுங்கள். பீரோவின் கால்களைத் தரையில் நேராக வைக்காமல் பலகைமேல் வையுங்கள். பெயிண்ட் ஒரு புள்ளி உப்பினாலும் அன்றைக்கே சுரண்டிப் பிரைமர் தொட்டு வையுங்கள். ஆனால் வீட்டில் பிள்ளைத்தாய்ச்சியோ, தவழுகிற குழந்தையோ இருந்தால், பழைய பெயிண்டில் கை வைக்கும் முன் அவர்களை நினைத்துக்கொள்ளுங்கள். நனைத்துத் தேய்க்கச் சொல்லுங்கள், தள்ளிப் போய்ச் செய்யச் சொல்லுங்கள். வீட்டு ஆண்கள் முணுமுணுப்பார்கள். பரவாயில்லை, சொல்ல வேண்டியதை நாம்தான் சொல்ல வேண்டும்.